எண்ணெய்க் கணக்கைக் காட்டு!



"சங்கம் சம்பளத்தைப் பேசட்டும். ட்ரான்ஸ்போமரைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும்?" துரைமார் இப்படிக் கேட்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் தொழிற்சங்கக்காரர் சிலரும் இதையே கேட்கிறார்கள். இரு தரப்புக்கும் நமது பதில் ஒரே சொல்தான்: சுன்னாகம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. அந்த நீரைத்தான் மக்கள் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறார்கள், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கிறார்கள். வெடிப்பும் துளையுமாக உள்ள அந்தக் கல்லில் ஓரிடத்தில் ஊற்றியது வேறோர் இடத்துக் கிணற்றில் வந்து நிற்கும்.

அந்தக் கல்லின் மேல்தான் சுன்னாகம் மின் நிலைய வளவு இருக்கிறது. அங்கே நோர்தேர்ண் பவர் என்ற தனியார் கம்பனி எண்ணெய் எரித்து மின்சாரம் தயாரித்தது. சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தது, தண்ணீர் நாறியது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 150 கிணறுகளைச் சோதித்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் எண்ணெயும் கிறீசும் அளவுக்கு மிஞ்சி இருந்தன. 2015 ஜனவரியில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். சொந்தக் கிணறு முற்றத்தில் இருக்க, பவுசர் தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நின்றார்கள்.

அப்போது பழியை ஒருவர் மற்றவர் தலையில் போட்டார்கள். பழைய கழிவெண்ணெய்க் குட்டையைக் காட்டினார்கள். யுத்த காலத்தில் சிந்தியது என்றார்கள். எண்ணெயே இல்லை என்றும் சொன்னார்கள். கடைசியில் தென்னிலங்கைச் சுற்றாடல் செயற்பாட்டாளரான ரவீந்திர குணவர்தன காரியவசம் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி அந்தக் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 குடும்பத்துக்கு அதைப் பிரித்தால் குடும்பத்துக்கு 40,000 ரூபா. பரம்பரையாகக் குடித்த கிணற்றுக்கு அதுதானா விலை?

சுன்னாகத்தில் சிந்தியது மின்பிறப்பாக்கிகளின் எண்ணெய், ட்ரான்ஸ்போமர் எண்ணெய் அல்ல என்று நமக்கும் தெரியும். ஆனால் எந்த எண்ணெயானாலும் மண்ணுக்குள் போகும் வழி ஒன்றுதான். எவ்வளவு எண்ணெய் வந்தது, எவ்வளவு எரிந்தது, மிச்சம் எங்கே போனது என்ற கணக்கு ஊர் மக்களின் கையில் இருக்கவில்லை. மூக்கும் நாக்கும் சொல்லித்தான் அவர்கள் கண்டுபிடித்தார்கள். கணக்கு முதலிலேயே வெளியில் இருந்திருந்தால் கிணறு நாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது நம் பக்கம் பார்ப்போம். பளையில் தென்னந்தோட்டங்களில் வேலை செய்யும் நம் உறவுகள் அதே குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். மலையில் நமக்குக் கிணறு இல்லை, பீலி இருக்கிறது. ஸ்டோருக்கு மேலே சிந்துவது கான் வழியாக ஓடைக்கு வந்து, லயத்துப் பீலியில்தான் முடியும்.

ஸ்டோருக்கு மின்சாரம் தரும் ட்ரான்ஸ்போமர் 33,000 அல்லது 11,000 வோல்ட்டில் வருவதை 400 வோல்ட்டாகக் குறைக்கிறது. அதன் தொட்டிக்குள் சில நூறு லீற்றர் எண்ணெய் இருக்கும். அந்த எண்ணெய்க்கு வேலை இரண்டு. கம்பிச் சுருளுக்கும் தொட்டிக்கும் இடையில் மின்சாரம் பாயாமல் தடுப்பது ஒன்று, சூட்டை வெளியே கொண்டுவருவது மற்றது. ஈரம் அதற்கு எமன். ஈரம் ஏறிய எண்ணெய் மின்சாரத்தைத் தாங்காது. எண்ணெய் குறைந்தால் உள்ளே சூடு ஏறும். இரண்டும் சேர்ந்தால் தொட்டி வெடித்து, எரியும் எண்ணெய் சிதறும்.

பழுது தொடங்கும்போதே வெளியில் அடையாளம் தெரியும். மட்டக் கண்ணாடியில் எண்ணெய் இறங்கும். மூடியின் ஓரத்திலும் வால்விலும் எண்ணெய் கசிந்து தூசி பிடிக்கும். மூச்சுக் குப்பி உள்ள ட்ரான்ஸ்போமர்களில், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் நீல மணிகள் இளஞ்சிவப்பாகும். வேறு வகை மணிகள் செம்மஞ்சளிலிருந்து பச்சையாகும். வழக்கமான இரைச்சல் மாறும். இவற்றை வேலிக்கு வெளியே நின்றே கவனிக்கலாம். உள்ளே இருக்கும் எண்ணெயின் நிலையை அறிய மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். 2.5 மில்லிமீற்றர் இடைவெளியில் எத்தனை ஆயிரம் வோல்ட்டை அது தாங்குகிறது என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலை. அதைச் செய்தார்களா, எப்போது செய்தார்கள் என்று கேட்பதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

நம்மிடம் வந்த ஒரு முறைப்பாட்டைச் சொல்கிறோம். ஒரு தோட்டத்தில் பழைய ட்ரான்ஸ்போமரைக் கழற்றியபோது எண்ணெயை வாளியில் அள்ளிப் பரலில் ஊற்றும் வேலையைக் கொழுந்து நிறுக்கும் இளைஞர்களுக்குக் கொடுத்தார்கள். கையுறை இல்லை, முழங்கை வரை எண்ணெய். சிந்தியதைச் சாக்கால் துடைத்துக் கானில் எறிந்தார்கள். வெறும் பரல்கள் லயத்துக்குப் போய், அவற்றில் மழைத் தண்ணீர் பிடித்தார்கள். நிர்வாகத்தைக் கேட்டால் "மின்சார சபையைக் கேள்" என்றது. சபைக்காரரைக் கேட்டால் "அது தோட்டத்துச் சொத்து" என்றார். சுன்னாகத்தில் கேட்ட அதே பாட்டு!

பழைய ட்ரான்ஸ்போமரில் இன்னொரு பயமும் உண்டு. பிசிபி என்ற குளோரின் சேர்ந்த இரசாயனத்தை 1929 முதல் பல பத்தாண்டுகள் கம்பனிகள் தயாரித்து மின்கருவிகளில் ஊற்றின. அது எரியாது, கெடாது என்பதால் முதலாளிகளுக்குப் பிடித்திருந்தது. கெடாத அந்தக் குணமே மனிதருக்குக் கேடானது. உடலின் கொழுப்பில் தங்கும், தாய்ப்பாலில் பிள்ளைக்குப் போகும். 2013இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதைப் புற்றுநோய் தருவது உறுதியான பொருட்களோடு சேர்த்தது. எல்லா ட்ரான்ஸ்போமரிலும் அது இருப்பதாக நாம் சொல்லவில்லை. சாதாரண கனிய எண்ணெய் ஊற்றியதிலும், வடிகட்டும் இயந்திரம் வழியாக அது கலந்திருக்கலாம் என்கிறோம். கண்ணுக்குத் தெரியாது, சோதித்தால்தான் தெரியும். எண்ணெயில் பத்து இலட்சத்தில் 50 பங்கு இருந்தாலே ஆபத்தான கழிவு. இலங்கை 2005இல் ஸ்டொக்ஹோம் சமவாயத்தை ஏற்றது. அப்படிப்பட்ட கருவிகளைப் பாவனையிலிருந்து எடுக்க அது வைத்த எல்லை 2025; கழிவை முறையாக ஒழிக்க வைத்த எல்லை 2028. நம் தோட்டத்து ட்ரான்ஸ்போமரைச் சோதித்தார்களா? பதிலை எழுத்தில் கேட்போம்.

கழிவு எப்போதும் ஏழையின் வாசலைத்தான் தேடும். 1978இல் அமெரிக்காவின் வட கரோலைனாவில், பிசிபி கலந்த ட்ரான்ஸ்போமர் எண்ணெயைச் செலவில்லாமல் ஒழிக்க, இரவில் லொறியிலிருந்து சுமார் 240 மைல் வீதியோரத்தில் வடியவிட்டார்கள். நஞ்சேறிய மண்ணைத் தோண்டிப் புதைக்க அரசு தேர்ந்த இடம் வொரன் கவுண்டி. அங்கே பெரும்பாலோர் கறுப்பின மக்கள், ஏழைகள். 1982இல் அவர்கள் லொறிகளுக்கு முன்னால் வீதியில் படுத்தார்கள். 500க்கு மேற்பட்டோர் கைதானார்கள். மண் அங்கேதான் புதைக்கப்பட்டது. அதைச் சுத்திகரித்து முடிக்க 2003 வரை ஆனது. புதைப்பதற்கு முன் தடுப்பது எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்து விளங்கும்.

"இதற்கெல்லாம் செலவாகும், தோட்டம் நட்டத்தில் ஓடுகிறது" என்பார்கள். ட்ரான்ஸ்போமர் எரிந்தால் ஸ்டோர் நிற்கும், பறித்த கொழுந்து வாடிக் கிடக்கும், நமக்கு வேலை நாள் குறையும். ஆகவே சம்பளப் பேச்சுக்கும் ட்ரான்ஸ்போமருக்கும் சம்பந்தம் இல்லை என்று எந்தத் தலைவரும் இனிச் சொல்ல வேண்டாம். சம்பளத்தை உயர்த்தி வாங்கி, அதை மருந்துக்கடையில் கொடுப்பதற்கா சங்கம் வைத்திருக்கிறோம்?

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்தக் கோரிக்கைகளை எழுதி நிர்வாகத்திடம் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்க வேண்டும்:

1. ட்ரான்ஸ்போமர் யாருக்குச் சொந்தம், பராமரிப்பு யார் பொறுப்பு என்று பெயர்ப்பலகை வைக்க வேண்டும்.

2. கடைசியாகப் பார்த்த திகதி, எண்ணெய் மட்டம், எண்ணெய்ச் சோதனையின் முடிவு, பிசிபி சோதனையின் முடிவு ஆகியவற்றைத் தமிழில் ஸ்டோர் வாசலில் ஒட்ட வேண்டும்.

3. எண்ணெய் ஊற்றினாலும் எடுத்தாலும் லீற்றர் கணக்கு எழுத வேண்டும். கழிவெண்ணெய் எங்கே போனது என்ற பற்றுச்சீட்டைக் கமிட்டி பார்க்க வேண்டும்.

4. ட்ரான்ஸ்போமரின் கீழே, சிந்தும் எண்ணெய் முழுவதையும் தாங்கும் சிமெந்துத் தொட்டி கட்ட வேண்டும்.

5. மின்சாரத்தை நிறுத்தி, ஜெனரேற்றரிலிருந்தும் பின்னால் பாயாது என்று உறுதிசெய்த பிறகு, பயிற்சி பெற்ற மின்னியலாளர் மட்டுமே தொட வேண்டும். கொழுந்துத் தொழிலாளியை அந்த வேலைக்கு இறக்கக்கூடாது.

நம் பக்கத்திலும் கட்டுப்பாடு வேண்டும். அந்த எண்ணெய் கதவுக் கீலுக்கும் வேண்டாம், கறையான் மரத்துக்கும் வேண்டாம், கைகால் வலிக்கும் வேண்டாம். அந்தப் பரலில் தண்ணீர் பிடிக்கவே கூடாது. வேலிக்குள் பந்து விழுந்தால் பிள்ளைகள் எடுக்கப் போகக்கூடாது. கசிவைக் கண்டால் மாதர் சங்கத்திடமாவது தோட்டத் தலைவரிடமாவது அன்றைக்கே சொல்லுங்கள். திகதியோடு எழுதி வையுங்கள்.

சுன்னாகத்து மக்கள் கிணற்றை இழந்த பிறகு நீதிமன்றப் படி ஏறினார்கள். நாம் பீலியில் தண்ணீர் தெளிவாக ஓடும்போதே ஸ்டோர் வாசலில் நின்று கேட்போம்: எண்ணெய்க் கணக்கு எங்கே?