ஹஸ்கியின் தட்டில் சைபீரியா வேண்டாம்

ஈப்போவிலிருந்து செம்மோர், தஞ்சோங் ரம்புத்தான் வரையுள்ள தாமான்களில் வாசல் கம்பிக்குப் பின்னால் நின்று குரைப்பவை இன்று பல நாட்டு நாய்கள். சைபீரிய ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்ட், திபெத்து வழிவந்த ஷிட்சு, கனடாவின் கடற்கரையிலிருந்து இங்கிலாந்து போய்ப் பெயர் வாங்கிய லாப்ரடார். ரப்பர் தோட்டங்கள் இருந்த காலத்தில் லயத்து நாய்க்கு யாரும் ஊர் பேர் கேட்டதில்லை. வெள்ளையா, செவலையா, திருடனைக் கண்டால் குரைக்குமா என்பதோடு விசாரணை முடிந்துவிடும். இப்போது குட்டி வாங்கும்போதே இனச் சான்றிதழ் கேட்கிறோம். சான்றிதழோடு கூடவே ஓர் அறிவுரையும் வந்து சேர்கிறது: ஓர் இனம் எந்த மண்ணில் தோன்றியதோ அந்த மண்ணின் சாப்பாடுதான் அதன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமாம். ஹஸ்கிக்கு மீனும் கொழுப்பும், லாப்ரடாருக்குக் கடல் உணவு, ஷெப்பர்டுக்கு ஐரோப்பிய இறைச்சி, ஊர் நாய்க்கு மட்டும் சோறு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதில் பாதி உண்மையும் உண்டு. ஆனால் நாயின் இனத்தைப் பார்ப்பதும் அந்த இனத்தின் பூர்வீகத்தைப் பார்ப்பதும் வேறு வேறு வேலைகள். முதலாவது நாயின் ஆயுளைக் கூட்டும். இரண்டாவது பெரும்பாலும் கதை.

பூர்வீகக் கட்சியிடம் இருக்கும் பலமான சாட்சியை முதலில் பார்த்துவிடுவோம். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் நாய், ஓநாய் மரபணுக்களை ஒப்பிட்டு வெளியிட்ட கட்டுரை அது. மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் நொதியைக் கணையத்தில் உண்டாக்கும் மரபணு ஓநாய்க்கு இரண்டு நகல்கள்தான். நாய்களுக்கோ நான்கு முதல் முப்பது வரை இருந்தன. மனிதன் தானியம் விளைவிக்கத் தொடங்கியதும் அவன் குப்பைமேட்டைச் சுற்றி வந்த விலங்கின் வயிறும் மாறிக்கொண்டது என்பது இதன் பொருள். அடுத்து வந்த ஆய்வுகள் இன்னும் நுட்பமானவை. பயிர்த்தொழில் பழமையாக வேரூன்றிய நிலப்பகுதிகளின் நாய்களுக்கு இந்த நகல்கள் அதிகம். உழவே இல்லாத ஆர்க்டிக் பனிநிலத்து நாய்களுக்கும் ஆஸ்திரேலியாவின் டிங்கோவுக்கும் மிகக் குறைவு. மேற்காசியாவின் சலூக்கி வேட்டைநாய் ஒன்றில் 29 நகல்கள் எண்ணப்பட்டன. ஹஸ்கியில் மூன்று, நான்கு. அப்படியானால் பூர்வீகம் பேசுகிறவர்கள் சொல்வது சரிதானே என்று தோன்றும். ஓரளவுக்குச் சரி. ஆனால் ஒரே இனத்துக்குள்ளேயே நாய்க்கு நாய் இந்த எண்ணிக்கை வெகுவாக மாறுகிறது என்பதையும் அதே துறை ஆய்வுகள் காட்டின. நகல் குறைந்த நாய் சோறு தின்றால் நோயாளியாகிவிடும் என்று யாரும் நிறுவவில்லை. நன்றாகக் குழைய வேகவைத்த அரிசியை ஹஸ்கியும் செரித்துக்கொள்கிறது. உலகம் முழுவதும் வீட்டு ஹஸ்கிகள் தின்னும் மூட்டைத் தீனியில் பெரும்பாலானவற்றில் தானியம் கலந்துதான் இருக்கிறது. ஒரு மரபணு ஆயிரக்கணக்கான ஆண்டு வரலாற்றைச் சொல்கிறது. இன்றிரவுக்கான தட்டை நிரப்பும் வேலையை அதனிடம் ஒப்படைக்க முடியாது.

பூர்வீகம் என்றால் எந்தப் பூர்வீகம் என்பது அடுத்த சிக்கல். லாப்ரடாரின் மூதாதைகள் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களின் படகில் இருந்தவை. ஆனால் அந்த இனத்தை இனமாக ஆக்கியவர்கள் பிரிட்டனின் நிலப்பிரபுக்கள். அங்குள்ள நாய்வளர்ப்போர் சங்கம் அதைத் தனி இனமாக ஏற்றது 1903இல். மீனவன் எறிந்த மீன் தலையைக் கணக்கில் எடுப்பதா, சீமானின் சமையல்கட்டு எலும்பையா? ஜெர்மன் ஷெப்பர்ட் 1899க்குப் பிறகு பல வட்டாரத்து ஆட்டுக்காவல் நாய்களைக் கலந்து உருவாக்கப்பட்டது. பக் சீனாவிலிருந்து ஹாலந்து போய், அங்கிருந்து இங்கிலாந்து போனது. நாம் இன்று காணும் இனங்களில் பெரும்பாலானவை கடந்த ஒன்றரை நூற்றாண்டில் நிறமும் காதும் வாலும் பார்த்துப் பொறுக்கி வடிக்கப்பட்டவை. ஒரு வயிறு ஒரு சமையலுக்குப் பழகிக்கொள்ள அந்தக் காலம் எம்மாத்திரம்? பூர்வீகம் மெய்யாகவே நீண்டிருக்கும் ஹஸ்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். சைபீரியாவின் சுக்சி மக்களின் நாய் மீனும் கடல்நாயின் கொழுப்பும் தின்றது, உண்மைதான். அது பனியில் வண்டி இழுத்தது. நெடுந்தூரப் பனிவண்டிப் பந்தயத்தில் ஓடும் நாய் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கலோரி வரை எரிக்கும். தஞ்சோங் ரம்புத்தானில் விசிறிக்குக் கீழே நாளெல்லாம் படுத்திருந்து, வெயில் தாழ்ந்தபின் அரைமணி நேரம் நடக்கும் ஹஸ்கிக்கு ஏறத்தாழ 1,000 முதல் 1,200 கலோரி போதும். மூதாதையின் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மூதாதையின் வேலையை விட்டுவிட்டால், எஞ்சுவது ஊளைச்சதையும் கணைய வீக்கமும்தான்.

இனத்தைப் பார்க்கவே வேண்டாமா என்றால், கட்டாயம் பார்க்க வேண்டும், ஆனால் வேறு கேள்வியோடு. இந்த இனத்தின் உடம்பு எதைச் செய்யத் தவறுகிறது என்பதே அந்தக் கேள்வி. டால்மேஷன் இதற்குச் சரியான உதாரணம். தூய டால்மேஷன்கள் எல்லாவற்றிலும் யூரிக் அமிலத்தைக் கையாளும் மரபணு ஒன்று பழுதாகி இருக்கிறது. மற்ற நாய்கள் அந்த அமிலத்தை மேலும் உடைத்து எளிதில் கரையும் பொருளாக வெளியேற்றும். டால்மேஷன் அப்படியே சிறுநீரில் விடும். சிறுநீர்க் கல் அடைத்துக்கொள்ளும் ஆபத்து, குறிப்பாக ஆண் நாய்க்கு, அதிகம். ஈரல், மத்தி, நெத்திலி போன்ற பியூரின் மிகுந்த தீனி அதற்கு ஆகாது. நம் வீடுகளில் நாய்ச்சோற்றுக்கு மணம் வர முதலில் கை போவதே பசாரில் வாங்கிய கோழி ஈரலுக்கும் ஒரு பிடி நெத்திலிக்கும்தான். நாட்டு நாய்க்கு அவ்வப்போது கொடுத்தால் குற்றமில்லாத அந்தப் பிடி, டால்மேஷனுக்குக் கல். இதில் டால்மேஷியா கடற்கரை மக்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதற்கு எந்த வேலையும் இல்லை. 1973இல் அமெரிக்காவில் ஒரு பாயின்டர் நாயோடு ஒரே ஒரு முறை கலப்புச் செய்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடே சேர்த்து, பழுதில்லாத மரபணு உள்ள டால்மேஷன் வரிசையை உருவாக்கிவிட்டார்கள். புள்ளி மாறவில்லை, பூர்வீகம் மாறவில்லை, பழுது மட்டும் போனது. ஹஸ்கிக்கும் அப்படி ஒரு பலவீனம் உண்டு: சில ஹஸ்கிகளின் குடல் துத்தநாகத்தைச் சரியாக உறிஞ்சாது, கண், வாய் ஓரங்களில் தோல் பொருக்குத் தட்டும். லாப்ரடாரின் சங்கடம் இன்னும் பரிதாபமானது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தபடி, ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்கு வயிறு நிறைந்த செய்தியை மூளைக்குச் சொல்லும் மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. அந்த நாய் கெஞ்சுவது நடிப்பல்ல, அதற்கு உண்மையாகவே பசிக்கிறது. கெஞ்சும் கண்ணைப் பார்த்து இன்னொரு கரண்டி வைப்பவர் அதன் மூட்டுகளுக்குத் தீங்கு செய்கிறார். சிறிய ஷ்னாசருக்குக் கொழுப்பு ஆகாது, பெட்லிங்டன் டெரியருக்குச் செம்பு ஆகாது. பட்டியல் நீளும், ஒவ்வொன்றையும் அந்த இனத்தின் மருத்துவ வரலாற்றிலிருந்துதான் அறிய முடியும்.

நாட்டு இனங்களின் கதையும் இதைத்தான் சொல்கிறது. பேராக்கின் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடருக்கு அப்பால் ஓடும் தெலோம் ஆற்றின் பெயரால் அறியப்படும் தெலோமியன், மலேசியப் பூர்வகுடி மக்களின் நாய். 1960களில் ஓர் அமெரிக்க மானிடவியல் ஆய்வாளர் வழியாக அது வெளியுலகுக்குத் தெரிந்தது. அந்தக் காட்டில் மனிதனுக்கு மரவள்ளியும் மலைநெல்லும் ஆற்று மீனும் வேட்டை இறைச்சியும். நாய்க்கும் அவற்றின் மிச்சம். தமிழ்நாட்டின் கரிசல் காட்டில் சிப்பிப்பாறை நாய்க்குக் கம்பங்கூழும் சோளக்கூழும் மோரும் ஊற்றினார்கள், காரணம் சம்சாரியின் வீட்டில் இருந்தது அதுதான். நாயின் நலனை ஆராய்ந்து யாரும் அந்தத் தட்டை வகுக்கவில்லை. நம்மையே பார்க்கலாமே. சேலம், திருச்சிப் பக்கத்திலிருந்து பால்மரம் வெட்ட வந்தவர்கள் கம்பும் கேழ்வரகும் தின்ற வம்சம். இங்கே பர்மா அரிசிக்குப் பழகினார்கள், ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கில் உயிர் பிழைத்தார்கள். இன்று மலேசிய இனங்களில் நீரிழிவு அதிகம் நம்மிடம்தான் என்று தேசியச் சுகாதார ஆய்வுகள் சொல்கின்றன. மருத்துவர் கேழ்வரகைப் பரிந்துரைத்தால் அது அதன் நார்ச்சத்துக்காக. கொள்ளுப்பாட்டனின் ஊர் சேலம் என்பதற்காக அல்ல.

தோட்டத்து அனுபவத்தை வைத்து எழும் மறுப்பு ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் பழைய சோறும் கருவாட்டுத் தலையும் தின்றே நாய்கள் காட்டுப்பன்றியை விரட்டவில்லையா, இப்போது ஏன் இத்தனை ஆராய்ச்சி என்பார்கள். அந்த நாய்களின் திறமையை மறுக்க வேண்டியதில்லை. அவை சோற்றை மட்டும் தின்று வாழவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். எலி, பன்றிக் குடல், கோழிச் சிறகோடு கூடிய கழிவு, எலும்பு என்று தாமே தேடித் தின்றதில்தான் சுண்ணாம்புச் சத்தும் பிற சத்துகளும் கிடைத்தன. மேலும், போட்ட ஏழு குட்டியில் எத்தனை பிழைத்தன என்று எந்த லயத்திலும் யாரும் ஏடு எழுதி வைக்கவில்லை. நம் நினைவில் நிற்பவை தப்பிப் பிழைத்தவை. கம்பிக்குள் அடைபட்ட இன்றைய நாய்க்கு எலி பிடிக்கும் உரிமை இல்லை. எசமானர் வைத்தது மட்டுமே அதன் உலகம். வெறும் சோறும் எலும்பு நீக்கிய கோழியும் மாதக்கணக்கில் தின்னும் குட்டிக்குக் கால் வளைவது அதனால்தான்: இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, சுண்ணாம்பு சொற்பம். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் வீட்டிலேயே சமைப்பதற்கான 200 நாய்ச் சமையல் குறிப்புகளைச் சோதித்து 2013இல் வெளியிட்டபோது, அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் குறைந்தது ஓர் அத்தியாவசியச் சத்தாவது போதாமல் இருந்தது. அவற்றில் கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் உண்டு.

அப்படியானால் இனத்தின் படம் போட்ட விலை உயர்ந்த மூட்டையை வாங்கிவிட்டால் கவலை தீர்ந்ததா? வியாபாரிக்குத் தீரும். அத்தகைய மூட்டைகளில் சிலவற்றில் உண்மையான யோசனை இருக்கிறது: தட்டை மூக்கு நாய் கவ்வ வசதியான வடிவம், பெரிய இனக் குட்டிக்கு அளவான சுண்ணாம்பு என்று. ஆனால் மூட்டையில் என்ன இருக்கிறது என்பதை அதன்மேல் உள்ள படம் சொல்லாது. பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளே சொல்லும். தானியமே இல்லாத தீனி என்று ஓநாயின் படத்தோடு விற்கப்பட்டவற்றுக்கு என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். பருப்பும் பட்டாணியும் உருளைக்கிழங்கும் மிகுந்த அத்தகைய தீனிகளுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பிருக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் விசாரணையைத் தொடங்கியது. காரணம் இன்றுவரை உறுதிப்படவில்லை. அரிசி தின்று பழகிய விலங்கிடமிருந்து அரிசியைப் பறிக்க ஓநாயைச் சாட்சிக்கு அழைத்தவர்கள், பட்டாணி தின்ற ஓநாயை எங்கே கண்டார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

பூர்வீகத்தைவிட நாயின் வயது, பருமன், வேலை, இந்த ஊரின் வெக்கை ஆகியவையே தட்டில் அதிகம் பேச வேண்டும். கிரேட் டேன் போன்ற பேருருவக் குட்டிக்கு எலும்பு உறுதியாகட்டும் என்று சுண்ணாம்பு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தால் எலும்பு கோணும் என்பதை நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் 1980களில் நடந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. அளவின் மகிமைக்கு இன்னொரு சாட்சி: 48 லாப்ரடார்களை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கால் பங்கு தீனியைக் குறைத்து வாழ்நாள் முழுவதும் கவனித்தார்கள். குறைவாகத் தின்றவை ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. அந்த ஆய்வை நடத்தியது நாய்த்தீனி விற்கும் ஒரு நிறுவனம். தன் சரக்கைக் குறைவாகப் போடச் சொல்லும் முடிவை அது தானே வெளியிட்டதைப் பாராட்டத்தான் வேண்டும். நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் வளர்ப்பு விலங்குக்குத் தகுந்த உணவு கொடுப்பதை உரிமையாளரின் கடமையாக வைத்திருக்கிறது. தகுந்தது எது என்பதைத் தடுப்பூசிக்குப் போகும் அன்றே நாயை எடைபோட்டு, அதன் இனத்துக்குரிய பரம்பரை நோய்களைச் சொல்லி, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம், தனியாகச் செலவில்லை. வீட்டிலேயே சமைப்பவர்கள் சோற்றை விட வேண்டியதில்லை. இறைச்சியையும் வேகவைத்த காயையும் சேர்த்து, மருத்துவர் சொன்ன அளவில் சுண்ணாம்புச் சத்தும் தாதுக்கலவையும் கலந்தால் போதும். ஹஸ்கியானாலும் தெருவில் எடுத்த குட்டியானாலும் ஒன்று பொது: வெங்காயமும் பூண்டும் உப்பும் சட்டியில் விழுவதற்கு முன்பே நாயின் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும்.