ஆர்8 மீது சுமத்தப்படும் பழி

2001 பிப்ரவரி இறுதியில் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட நாள்முதல், மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் ஊர்காமிலும் ரயிலேறி, பெங்களூரில் உழைத்து, இரவில் திரும்புவதே கோலார் தங்கவயல் இளைஞர் பலரின் ஜீவனமாகிவிட்டது. அவர்களுள் மென்பொருள் எழுதுவோரிடையே ஓர் அபிப்பிராயம் ஏறக்குறைய சித்தாந்தமாகவே நிலைபெற்றிருக்கிறது: ஆண்ட்ராய்டு செயலியின் டீபக் பதிப்பு ஒழுங்காக ஓடி, ரிலீஸ் பதிப்பில் மட்டும் ஜேசன் தரவு வெறுமையாக வந்தால், குற்றவாளி, ரிலீஸ் பதிப்பின் கோடைச் சுருக்கிப் பெயர்களையும் மாற்றும் ஆர்8 கருவி; அதை நிறுத்திவிட்டால் தொல்லை தீர்ந்தது. இதை நான் முற்றிலும் மறுக்கிறேன்.

முதலாவதாக, ஆர்8 ஜேசனைத் தொடுவதே இல்லை. ‘நேம்’ என்று நாம் எழுதிய புலத்தை அது ‘ஏ’ என்று சுருக்குகிறது. ஜேசனைப் படித்துத் தரும் ஜிசன் நூலகமோ செயலி ஓடும் வேளையில் புலத்தின் பெயரைப் படித்து, அதே பெயரை ஜேசனில் தேடுகிறது. சர்வர் அனுப்புவது ‘நேம்’, வகுப்பில் நிற்பது ‘ஏ’. ஆகவே பொருந்தாததை ஒரு பிழைச்செய்தியும் இன்றி விட்டுவிடுகிறது. சுரங்கத் தொழிலாளரின் லைன் வீடுகளின் கதவு எண்களை மாற்றியதைத் தபால்காரருக்குச் சொல்லாமல் விட்டது யார் குற்றமோ, அவர் குற்றமே இதுவும். கோட்லினில் ‘நல்’ ஆகவே கூடாதென்று அறிவித்த புலத்திலும் ஜிசன் நல்லை வைத்துவிடும். செயலி வேறொரு திரையில் போய் விழும். காரணம் தேடுபவர் அந்தத் திரையையே துருவிக்கொண்டிருப்பார்.

டீபக்கில் ஓடியதே கோடு சரியென்பதற்குப் பிரமாணம் என்ற வாதமும் நில்லாது. அங்கே பெயர்மாற்றம் நிகழவே இல்லையாதலால், அந்தப் பரீட்சை எதையும் நிரூபிக்கவில்லை. ரிலீஸ் பதிப்போடு உண்டாகும் மேப்பிங் கோப்பைத் திறந்தால், இடப்புறம் நாம் வைத்த பெயரும், ஓர் அம்புக்குறியும், வலப்புறம் ஒற்றை எழுத்தும் வரிவரியாக நிற்பது பிரத்தியட்சம்.

ஆர்8-ஐ நிறுத்துவதோ, ‘இதைத் தொடாதே’ என்று அதற்குச் சொல்லும் கீப் விதியைப் பாக்கேஜ் முழுவதற்கும் போடுவதோ பரிகாரமாகாது. பயன்படாத கோடெல்லாம் செயலியிலேயே தங்கி, அதன் பருமன் அனாவசியமாகப் பெருகும். வெளியுலகோடு பேசும் ஒவ்வொரு புலத்தின் மேலும் ‘சீரியலைஸ்ட்நேம்’ குறிப்பை இட்டு, சர்வர் அனுப்பும் பெயரை மேற்கோளுக்குள் எழுதிவைப்பதே நேர்வழி. அந்த எழுத்துச்சரத்தை ஆர்8 மாற்றாது. ஆயினும் குறிப்பு மட்டும் எப்போதும் போதாது. 2023-ல் ஆண்ட்ராய்டு கிரேடில் ப்ளகின் 8.0 வந்தபோது ஆர்8-இன் முழுமுறை இயல்பாகவே அமலுக்கு வந்தது. கோடில் எங்கும் நேராக உருவாக்கப்படாத வகுப்பை, அந்த முறை, உருவாகவே உருவாகாததென்று கருதி அருவ வகுப்பாக்கிவிடக்கூடும்; அப்போது ஜிசனால் அதை உருவாக்க இயலாது. ஆகையால் தரவு வகுப்புகளுக்கு மட்டும் அளவான கீப் விதி வேண்டும். பட்டியல்களை ஜிசனின் டைப்டோக்கன் கொண்டு படிப்பவர், பட்டியலின் உறுப்பு எந்த வகை என்பதைத் தாங்கும் ‘சிக்னேச்சர்’ பண்பையும் காப்பாற்ற வேண்டும். ஜிசன் 2.11 முதல் இத்தகைய விதிகள் சில நூலகத்தோடேயே வருகின்றன. புதிதாகத் தொடங்குவோர், தொகுக்கும்போதே படிப்பானை உருவாக்கித் தரும் கோட்லின் சீரியலைசேஷனைக் கைக்கொள்வது இன்னும் உத்தமம்.

விதியே தராத பிறர் நூலகங்களுக்கு முழு பாக்கேஜையும் காக்க நேரிடலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கும் அந்த நூலகத்தின் பெயரோடு விதி நின்றால் போதும், நம் கோடு முழுவதும் அதற்குப் பிணையாக வேண்டியதில்லை.