வேலிக்குள் ஒரு வழி

இங்கிலாந்தின் முதுகெலும்பு என்று பென்னைன் மலைத்தொடரைச் சொல்வார்கள். அதன் மேலேறி வடக்கே போகும் நெடும்பாதைதான் பென்னைன் வே. டெர்பிஷயரின் ஈடேல் கிராமத்தில் தொடங்கி, எல்லை தாண்டி ஸ்காட்லாந்தின் கிர்க் யெட்டம்வரை 268 மைல். நான் நடந்தது தென்கோடிப் பகுதி மட்டும்.

மலையைவிட எனக்கு அங்கிருந்த வேலிகள் பிடித்திருந்தன. கல்வேலி குறுக்கிடும் இடத்தில் ஏறிக் கடக்கப் படி இருக்கும், அல்லது ஓர் ஆள் நுழையும் சின்னக் கதவு. அந்தப் பக்கம் யாருடையதோ புல்வெளி, ஆடுகள் மேய்கின்றன. நிலம் அவருடையது, வழி எல்லோருடையது. வயலின் குறுக்கே போகும் பொதுப்பாதையை விதைப்புக்காக உழுதால், 14 நாளுக்குள் மறுபடி நடக்கும்படி ஆக்கித்தருவது விவசாயியின் சட்டக் கடமை.

இப்படி நடக்கும் உரிமையை யாரும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. ஈடேலுக்கு மேலே நிற்கும் கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலம், ஒரு காலத்தில் பணக்காரர்கள் கிரவுஸ் பறவை சுடுவதற்கென்று அடைத்துவைத்த இடம். மான்செஸ்டரிலும் ஷெஃபீல்டிலும் வாரமெல்லாம் ஆலைப் புகையில் உழைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகூட அங்கே கால்வைக்க முடியாது. 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு பேர் திரண்டு ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு. ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். முன்நின்ற பென்னி ராத்மனுக்கு அப்போது வயது 20. நான்கு மாதம் உள்ளே வைத்தார்கள்.

1935இல் டாம் ஸ்டீவன்சன் என்ற பத்திரிகையாளர் பென்னைன் மலைமேல் ஒரு நெடும்பாதை வேண்டும் என்று டெய்லி ஹெரால்டில் எழுதினார். எழுதியதோடு விடவில்லை, பல ஆண்டுகள் அதன் பின்னாலேயே அலைந்தார். 1949இல் அதற்கு வழிசெய்யும் சட்டம் வந்தது. பாதை திறந்தது 1965இல், அதே ஏப்ரல் 24. பத்தி எழுதுகிறவன் என்ற முறையில் அந்த மனிதரை வணங்குகிறேன்.

மேட்டில் பீட் என்கிற கறுத்த சதுப்பு மண். கால்பட்டுக் கால்பட்டு அது சேறாகிக் கரைந்தபோது, இடித்த பஞ்சாலைகளின் தளக்கற்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து வரிசையாகப் பதித்தார்கள். இந்த மேட்டில் ஏற விடாமல் விரட்டப்பட்டவர்களைப் போன்ற உழைப்பாளிகள் நின்று வேலைபார்த்த தரை அது. அதன்மேல் நடக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

இங்கிலாந்து போக வாய்த்தால் லண்டனோடு திரும்பிவிடாதீர்கள். மான்செஸ்டரிலிருந்து ஈடேலுக்கு நேராக ரயில் இருக்கிறது. பாதையில் நடக்க யாரிடமும் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டியதில்லை.