வீட்டுக் கணினிகளுக்கு ஒரு காப்புப் பெட்டி

உங்கள் வீட்டில் எத்தனை மடிக்கணினிகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். அக்கா கல்லூரிக்குக் கொண்டுபோவது ஒன்று. அம்மாவின் அலுவலக வேலைக்கு ஒன்று. அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது ஒன்று. மெதுவாக ஓடும், ஆனாலும் ஓடும். நீங்கள் படிக்கப் பயன்படுத்துவது ஒன்று. ஆக நான்கு. இனி அவற்றின் உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அக்காவின் ஆய்வுக் கட்டுரை, அம்மாவின் கணக்குகள், வீட்டுப் பத்திரங்களின் படங்கள், பத்து ஆண்டுப் புகைப்படங்கள், தாத்தா கதை சொன்னபோது பதிவு செய்த ஒலி. கணினி போனால் கடையில் வேறொன்று வாங்கலாம். தாத்தாவின் குரலை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?

"எங்கள் கணினி புதியது, கெடாது" என்று சொல்லிவிட வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேக்பிளேஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான வன்தட்டுகளில் எத்தனை கெட்டுப்போகின்றன என்று தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. அண்மை ஆண்டுகளில் அது ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை. நூற்றுக்கு ஒன்றரை என்று வைத்துக்கொள்வோம். சிறிய எண்தானே என்று தோன்றும். ஆனால் உங்கள் வீட்டில் நான்கு கணினிகள். ஒவ்வொன்றும் ஐந்து ஆண்டு ஓடும். ஒரு தட்டு ஓர் ஆண்டு தப்பிப்பதற்கான வாய்ப்பு 0.985. அந்த எண்ணை 20 முறை பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 0.74 வரும். அதாவது ஐந்து ஆண்டுக்குள் ஒரு தட்டாவது கெடுவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று! அந்த நிறுவனத்தின் தட்டுகளோ குளிரூட்டிய அறையில், அசையாமல் இருப்பவை. உங்களுடையவை பேருந்தில் போகின்றன, கட்டிலிலிருந்து விழுகின்றன, மேலே காப்பி கொட்டுகிறது. இப்போதைய மடிக்கணினிகளில் சுழலும் தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்னும் சில்லு இருக்கிறது; அது அதிர்ச்சியைத் தாங்கும். ஆனால் களவு போவதை எந்தச் சில்லும் தடுக்காது.

ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு படி வேண்டும். "படி" என்பது நமக்குப் பழக்கமான சொல்தான். ஓலைச்சுவடி சில நூறு ஆண்டுகளில் செல்லரித்துப்போகும் என்பது நம் முன்னோருக்குத் தெரியும். அதனால் படி எடுத்தார்கள். படி எடுக்கப்பட்ட நூல்கள் நம் கைக்கு வந்தன. எடுக்கப்படாதவற்றில் பலவற்றின் பெயர் மட்டுமே வந்தது.

ஒரே ஒரு கணினி உள்ள வீடு என்றால் என் யோசனை எளியது: ஒரு யு.எஸ்.பி. வன்தட்டு வாங்குங்கள், வாரம் ஒருமுறை செருகிப் படி எடுங்கள். அதற்கு மேல் செலவு வேண்டாம். ஆனால் நான்கு கணினிகள் உள்ள வீட்டில் என்ன நடக்கும்? முதல் மாதம் எல்லோரும் செருகுவார்கள். இரண்டாம் மாதம் அக்காவுக்குத் தேர்வு. மூன்றாம் மாதம் அந்தத் தட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்றே தெரியாது. மனிதர் நினைவை நம்பும் ஏற்பாடு நீடிப்பதில்லை. இதற்காகத்தான் வலைச் சேமிப்புப் பெட்டி வந்தது. கடைக்காரர் இதை "நாஸ்" என்பார். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். ஒரு சிறு கணினி, அதனுள் ஒன்றோ பலவோ வன்தட்டுகள், பின்னால் ஒரு கேபிள். அந்தக் கேபிள் வீட்டு ரவுட்டரில் செருகப்படும். அவ்வளவுதான். மடிக்கணினி வீட்டு வைஃபையில் இணைந்ததும் அன்றைய மாற்றங்கள் தாமாகவே பெட்டிக்குப் போய்ச் சேரும். யாரும் எதையும் செருக வேண்டியதில்லை.

இங்கே ஒரு நல்ல கேள்வி எழுகிறது. உங்கள் கணினியில் இருப்பது 200 கிகாபைட். நீங்கள் இன்று மாற்றியது ஒரு கட்டுரையில் ஒரு வரி. அதற்காக 200 கிகாபைட்டையும் மறுபடி அனுப்ப வேண்டுமா? மாறிய கோப்பை மட்டும் அனுப்பலாம் என்பீர்கள். சரி. அந்தக் கோப்பு மிகப் பெரியதாக இருந்து, அதில் ஒரு மூலை மட்டும் மாறியிருந்தால்?

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996இல் "ஆர்சிங்க்" என்ற நிரலை வெளியிட்டார்கள். அதன் அடிப்படை உங்களுக்குப் புரியக்கூடியதே. பெட்டி தன்னிடம் உள்ள பழைய கோப்பைச் சம அளவுத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடையாள எண் கணக்கிட்டு அனுப்புகிறது. மடிக்கணினி தன் புதிய கோப்பில் அதே எண்கள் வருகின்றனவா என்று தேடுகிறது. எங்கே தேடுவது? தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால் பின்னால் உள்ளவை எல்லாம் தள்ளிப்போயிருக்குமே! அதனால் ஒரு சன்னலை வைத்து, ஓர் எழுத்து ஓர் எழுத்தாக நகர்த்திக்கொண்டே பார்க்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் புதிதாகக் கூட்டினால் நேரம் வீணாகும். இப்படிச் செய்தார்கள்: கோப்பில் 3, 7, 2, 5, 6 என்று எண்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சன்னலில் நான்கு எண்கள் தெரியும். முதலில் 3, 7, 2, 5. கூட்டுத்தொகை 17. சன்னலை ஓர் இடம் நகர்த்தினால் 3 வெளியே போகிறது, 6 உள்ளே வருகிறது. மறுபடி கூட்ட வேண்டாம். 17இலிருந்து 3ஐக் கழித்து 6ஐச் சேர்த்தால் 20. சன்னல் ஆயிரம் எழுத்து நீளமானாலும் ஒரு கழித்தல், ஒரு கூட்டல் போதும்.

இதில் ஓர் ஓட்டை இருப்பதைக் கவனித்தீர்களா? 2, 5, 3, 7 என்றாலும் கூட்டுத்தொகை 17தான். அதனால் உண்மையான சூத்திரம் எண் இருக்கும் இடத்தையும் கணக்கில் சேர்க்கிறது. அதுவும் பொருந்தினால், இன்னும் நீளமான வேறோர் அடையாள எண்ணைக் கணக்கிட்டு உறுதி செய்கிறது. பொருந்தாத துண்டுகள் மட்டும் பயணம் செய்கின்றன. இன்று சேமிப்புப் பெட்டிகள் பலவற்றின் உள்ளே இந்த நிரல் ஓடுகிறது. விளம்பரத் தாளில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இராது. பளபளக்கும் விளக்குகளைப் பற்றி இருக்கும்.

இப்போது கடைக்குப் போவோம். கடைக்காரர் முதலில் காட்டுவது இரண்டு தட்டுப் பெட்டி. "இரண்டிலும் ஒரே தகவல் எழுதப்படும். ஒன்று போனாலும் மற்றொன்று இருக்கும். ரெய்டு என்று பெயர்" என்பார். அவர் சொல்வது பொய்யன்று. 1988இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் எழுதிய ஆய்வுரையில் அந்தப் பெயர் வந்தது. விலையுயர்ந்த ஒரு பெரிய தட்டுக்குப் பதிலாக மலிவான பல சிறு தட்டுகளைச் சேர்த்து வேலை வாங்குவதும், அவற்றில் ஒன்று கெட்டாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வதும் அதன் நோக்கம். வங்கிக்கு அது வேண்டும். மருத்துவமனைக்கு வேண்டும். உங்கள் வீட்டுக்கு?

நான் வேண்டாம் என்கிறேன். காரணம் சொல்கிறேன். இரட்டைத் தட்டில் ஒரு கோப்பை அழித்தால் அது அதே நொடியில் இரண்டிலும் அழிகிறது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீநிரல் 150 நாடுகளுக்கு மேல் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. அத்தகைய நிரல் பெட்டிக்குள் புகுந்தால் இரண்டு தட்டுகளையும் ஒன்றாகவே பூட்டும். இரண்டு தட்டும் ஒரே பெட்டியில், ஒரே மேசைமேல், ஒரே பிளக்கில் இருக்கின்றன. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது தரைத்தள வீடுகளில் நீர் எவ்வளவு உயர்ந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். வெள்ளம் தட்டுகளை எண்ணிப் பார்த்து ஒன்றை விட்டுவைக்காது.

அனுபவம் உள்ளவர்கள் இதற்கு மறுப்புச் சொல்வார்கள்: "ஒரு தட்டுப் பெட்டியில் தட்டு போனால் எல்லாம் போச்சே!" போகாது. யோசித்துப் பாருங்கள். பெட்டியில் இருப்பது படி. மூலம் மடிக்கணினிகளில் இருக்கிறதே! புதிய தட்டு வாங்கிவர இரண்டு நாள் ஆனால், அந்த இரண்டு நாள் மட்டும் பழைய தேதிப் படிகள் கையில் இல்லை. அந்த இடைவெளியையும் அடைக்க வழி உண்டு. இரண்டாவது தட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு யு.எஸ்.பி. வன்தட்டு வாங்குங்கள். மாதம் ஒருமுறை பெட்டியில் உள்ளதை அதில் படியெடுத்து, கழற்றி, வேறு ஊரிலோ வேறு தெருவிலோ உள்ள சித்தி வீட்டில் கொடுத்துவையுங்கள். கடவுச்சொல் இட்டு மறைகுறியாக்கிக் கொடுத்தால் சித்தி மகன் திறந்து பார்க்கவும் முடியாது. பீட்டர் க்ரோ என்ற புகைப்படக் கலைஞர் சொன்ன 3-2-1 விதி இதுதான்: மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறிடத்தில். அதே செலவு, பாதுகாப்பு பன்மடங்கு. புகைப்பட நிலையமோ அச்சகமோ வீட்டிலேயே நடத்துகிறவர்கள் ஒரு மணி நேரமும் வேலையை நிறுத்த முடியாது. அவர்கள் இரண்டு தட்டுப் பெட்டியே வாங்கட்டும். ஆனால் சித்தி வீட்டுத் தட்டையும் விட வேண்டாம்.

இணையச் சேமிப்பு இருக்க இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். சிறிய அளவுக்கு அது நல்லதே. ஆனால் நான்கு கணினிகளிலும் சேர்த்து 550 கிகாபைட் இருந்து, மேலேற்றும் வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்றால், இரவு பகல் ஓய்வின்றி ஏற்றினாலும் 61 மணி நேரம் ஆகும். மாதச் சந்தா வேறு.

பெட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது? தட்டு எண்ணிக்கையைவிட முக்கியமானவை இரண்டு. முதலாவது, அது பழைய நாள்களின் படிகளையும் வைத்திருக்க வேண்டும். நேற்றையது, போன வாரத்தது, போன மாதத்தது என்று. அவற்றை மடிக்கணினியிலிருந்து அழிக்க முடியாதபடி பெட்டியே பூட்டிவைக்க வேண்டும். கடைக்காரரிடம் "ஸ்னாப்ஷாட் வசதி உண்டா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு பெட்டி காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது, தயாரிப்பாளர் எத்தனை ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் தருவார் என்பது. மை புக் லைவ் என்ற சேமிப்புப் பெட்டிக்கு 2015க்குப் பிறகு திருத்தம் வரவில்லை. இணையத்தோடு நேரடியாக இணைந்திருந்த அந்தப் பெட்டிகளுக்குள் 2021 ஜூனில் யாரோ புகுந்தார்கள். உலகெங்கும் பலர் காலையில் எழுந்து பார்த்தபோது பெட்டி காலியாக இருந்தது. "வெளியூரிலிருந்தும் பார்க்கலாம்" என்ற வசதியை அணைத்துவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். வீட்டுப் படி வீட்டுக்குள் இருந்தால் போதும்.

தட்டைப் பொறுத்தவரை 4 டெராபைட் தாராளம். கணினி அதை 3.64 என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கணினி 1024 ஆக எண்ணுகிறது. ஒன்று மட்டும் பாருங்கள். சில தட்டுகளில் தடங்கள் கூரை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஓர் ஓட்டை மாற்ற அடுத்த ஓடுகளையும் எடுக்க வேண்டியதுபோல், ஓரிடத்தில் திருத்தி எழுத அருகில் உள்ளதையும் மறுபடி எழுத வேண்டும். அது மெதுவாகும். அதன் பெயர் எஸ்.எம்.ஆர். அதைத் தவிர்த்து சி.எம்.ஆர். வகையைக் கேளுங்கள்.

ரவுட்டரையும் திருப்பிப் பாருங்கள். மலிவான ரவுட்டர்கள் பலவற்றின் துளைகள் நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் கடத்தா. எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். முதல் தடவை 550 கிகாபைட் போய்ச் சேர 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிகாபிட் ரவுட்டரும் கேபிளும் இருந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். அதன் பிறகு தினமும் போவது கொஞ்சமே, வைஃபை போதும். மின்சாரச் செலவுக்குப் பாட்டி கவலைப்பட்டால் கணக்குக் காட்டுங்கள்: 10 வாட் என்று வைத்தால் 60 நாளுக்கு 14.4 யூனிட்.

பழைய மேசைக் கணினி சும்மா கிடந்தால் அதிலேயே லினக்சும் சாம்பா என்ற இலவச நிரலும் நிறுவிப் பெட்டியாக்கலாம். சாம்பாவைத் தொடங்கியவரும் அதே ட்ரிட்ஜெல்தான். மின்சாரம் கூடுதலாகக் குடிக்கும். ஆனால் நீங்கள் கற்றுக்கொள்வது அதிகம்.

எது வாங்கினாலும் சரி, ஒரு வேலை உங்களுடையது. 1998இல் பிக்ஸார் நிறுவனம் "டாய் ஸ்டோரி 2" படத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது, தவறான ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் அழியத் தொடங்கின. படியெடுத்து வைத்திருந்ததைத் திறந்தார்கள். அது பல நாள்களாகவே சரியாகப் பதிவாகவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் ஒரு படி இருந்ததால் படம் பிழைத்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்தில் யாரும் படியைத் திறந்து பார்த்திருக்கவில்லை.

ஆகவே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் கணினியிலிருந்து ஒரு கணக்குக் கோப்பையும் அக்காவின் கணினியிலிருந்து ஒரு புகைப்படத்தையும் தேர்ந்தெடுங்கள். போன மாதத் தேதியிட்ட அவற்றின் படிகளைப் பெட்டியிலிருந்து உங்கள் கணினிக்கு இறக்கித் திறந்து பாருங்கள். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, ரேஷன் அட்டை வைத்திருக்கும் உறையில் போட்டு, அது அங்கே இருப்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள்.