காணாத உயிருக்கும் கருணை

சனிக்கிழமைகளில் எள் தீபம் ஏற்றி நவக்கிரகங்களை வலம் வரும் அன்பர்கள் நம்மில் ஏராளம். சனைச்சரன் என்ற வடமொழிப் பெயருக்கு ‘மெல்லச் செல்பவன்’ என்பது பொருள். சூரியனை ஒருமுறை சுற்றிவர அக்கிரகத்துக்கு ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகின்றன. ஏழரைச் சனியின் கணக்கும் இந்த மந்தகதியையே அடிப்படையாகக் கொண்டது. அந்தச் சனியை அருகிலிருந்து ஆராயச் சென்ற ஒரு விண்கலத்தின் முடிவைப் பற்றி இவ்வாரம் சிந்திப்போம்.

காசினி என்பது அதன் பெயர். அமெரிக்காவின் நாசா, ஐரோப்பிய விண்வெளி முகமை, இத்தாலிய விண்வெளி முகமை ஆகிய மூன்றும் கூடிச் செய்த முயற்சி அது. 1997 அக்டோபர் 15 அன்று புறப்பட்டு, ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் பயணம் செய்து, 2004 ஜூலையில் சனியை அடைந்தது. பிறகு 13 ஆண்டுகள் அக்கோளையும் அதன் வளையங்களையும் நிலவுகளையும் சுற்றிவந்து ஆராய்ந்தது.

சனியின் நிலவுகளுள் என்செலடஸ் ஒன்று. அதன் விட்டம் சுமார் 500 கி.மீ.; நம் சந்திரனின் விட்டத்தில் ஏழில் ஒரு பங்கே. முழுவதும் பனிக்கட்டியால் மூடப்பட்ட அந்த நிலவின் தென்துருவப் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகள்களும் விண்வெளியில் பீறிட்டு எழுவதை 2005ஆம் ஆண்டு காசினி கண்டறிந்தது. பனிப்பரப்பின் அடியில் ஒரு கடல் இருப்பது பின்னர் தெளிவாயிற்று. அந்த நீர்த்தாரையினூடே கலம் பலமுறை பறந்து சென்றது. உப்பும், கரிமச் சேர்மங்களும், ஹைட்ரஜன் வாயுவும் அதில் கலந்திருந்தன. நம் பூமியிலும் சூரிய ஒளியே எட்டாத ஆழ்கடலின் வெந்நீர் ஊற்றுகளில் உயிர்கள் செழித்து வாழ்கின்றன. அங்கும் அவ்வாறு இருக்கலாமோ என்ற எண்ணம் அறிஞர்களுக்கு எழுந்தது. உயிர் இருப்பதாக எவரும் கண்டாரில்லை. இருப்பதற்கு ஏற்ற சூழல் மட்டுமே புலப்பட்டது.

இதற்குள் கலத்தின் எரிபொருள் தீரும் தறுவாயை எட்டியது. எரிபொருள் தீர்ந்தால் கலத்தைத் திசை திருப்ப இயலாது. கட்டுப்பாடின்றிச் சுற்றும் கலம் என்றேனும் ஒருநாள் என்செலடஸின்மீது மோதக்கூடும். பூமியிலிருந்து தொற்றிச் சென்ற நுண்ணுயிர்கள் அதில் எஞ்சியிருந்தால், அவை அந்தக் கடலில் கலந்துவிடக்கூடும். பிற்காலத்தில் அங்கு உயிரைத் தேடிச் செல்பவர்கள், நாம் கொண்டுபோய் விட்டதையே கண்டு மயங்குவார்கள் என்பது ஒரு கவலை. அங்கே ஏதேனும் உயிர் இருந்தால் நம்மால் அதற்குக் கேடு விளையுமே என்பது மற்றொரு கவலை. முன்னது ஆராய்ச்சியைச் சார்ந்தது. பின்னது அறத்தைச் சார்ந்தது.

ஆகவே, கலத்தைச் சனிக்கோளுக்குள்ளேயே செலுத்தி அழித்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். 2017 ஏப்ரல் தொடங்கி, சனிக்கும் அதன் வளையங்களுக்கும் இடையே 22 முறை பாய்ந்து சென்ற கலம், செப்டம்பர் 15 அன்று சனியின் வாயுமண்டலத்துள் புகுந்து எரிந்து கரைந்தது. கடைசி நொடிவரை தன் ஆன்டெனாவைப் பூமியை நோக்கியே வைத்துத் தகவல் அனுப்பியது. இறுதிச் சமிக்ஞை நம்மை வந்தடைய 83 நிமிடங்கள் ஆயின. அப்போது இந்திய நேரம் மாலை 5.25. தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அக்கலத்துக்கே அளித்த விஞ்ஞானிகள் பலர், அது மௌனமானதைக் கண்ணீருடன் எதிர்கொண்டனர்.

இது புதிய வழக்கமும் அன்று. வியாழனின் யூரோப்பா நிலவைக் காக்கும் பொருட்டு, கலிலியோ விண்கலம் 2003இல் இதே போன்று வியாழனுக்குள் செலுத்தப்பட்டது. 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள், புறப்படுமுன் 110 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் பல மணி நேரம் வைக்கப்பட்டுத் தூய்மை செய்யப்பட்டன. பிற கோள்களை மாசுபடுத்தலாகாது என்பது 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையிலேயே உள்ளது. நம் பாரத நாடும் அதை ஏற்றுள்ளது.

வேற்றுலகில் உயிர் உண்டென்று தெரியவந்தால் நம் சமய நம்பிக்கை என்னாகும் என்று சிலர் வினவுவதுண்டு. இறைவனை அகிலாண்டகோடி பிரம்மாண்ட நாயகன் என்று போற்றும் நமக்கு அதில் திகைப்புக்கு இடமில்லை. அவ்வுயிரும் அவன் படைப்பே. அதனிடம் நாம் எப்படி நடந்துகொள்வோம் என்பதே நாம் எண்ண வேண்டியது. அறிஞர்கள் தங்கள் பங்குக்கு விடையளித்துவிட்டார்கள்.

நாம்? சனிப்பெயர்ச்சிக் காலங்களில் பரிகார ஸ்நானம் செய்துவிட்டு, உடுத்திய ஆடையைத் தீர்த்தத்திலேயே விட்டுவருகிறோம். எண்ணெயும் சீயக்காய்ப் பொட்டலமும் படித்துறையில் மிதக்கின்றன. ஏறத்தாழ 150 கோடி கி.மீ. தொலைவில், இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஓர் உயிருக்காக இருபதாண்டு உழைப்பை எரித்தவர்கள் இருக்கிறார்கள். நம் குளத்து மீன்களோ கண்ணெதிரே நீந்துகின்றன. அடுத்த முறை நீராடச் செல்கையில், ஈர ஆடையைப் பிழிந்து ஒரு பையில் இட்டு வீட்டுக்கு எடுத்து வருவோம். சனீஸ்வரர் அதையும் பரிகாரமாகவே ஏற்பார்.