துண்டு விழுகிறதாம்! யார் தலையில்?



பேச்சிப்பாறைத் தண்ணீர் பாயும் மடையை ஒருவன் அடைக்கிறான். பயிர் வாடியதும் மற்றொருவன் வந்து, பயிரிட்டவனிடமே அபராதம் கேட்கிறான். ஒப்புவோமா? சென்னை சர்வகலாசாலைக்கு நேர்ந்தது இதுதான்.

1857-இல் தோன்றிய அந்த சர்வகலாசாலைக்கு மாநில சர்க்கார் தந்த மானியம் வரவில் பாதிக்கும் கீழே போயிற்று. பாதிப் பணம்கூட சர்க்கார் பணம் இல்லையே என்று காரணம் காட்டி, மத்திய சர்க்காரின் வருமானவரி இலாகா 424 கோடி ரூபாய் வரி கேட்டது. 2024-இல் வங்கிக் கணக்குகளையும் முடக்கியது. ஒருவர் கொடுக்கவில்லை, கொடுக்காததையே காட்டி மற்றவர் பிடுங்க வந்தார்!

இது சென்னைச் சங்கதிதானே என்று நாம் சும்மா இருக்கலாமா? நம் மாவட்டக் கல்லூரிகள் இணைந்திருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் சர்வகலாசாலையும் மானியத்தையும் மாணவர் கட்டணத்தையும் வைத்தே பட்ஜெட் போடுகிறது. மானியம் சுருங்கினால் பரீட்சைக் கட்டணம் ஏறும். அண்டி ஆபீஸ் தொழிலாளியின் மகள் தலையிலும், ரப்பர் பால் வெட்டுபவர் மகன் தலையிலும்தான் அந்தத் துண்டு விழும்!

நாட்டு வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு என்று கோத்தாரி கமிஷன் 1966-இல் சொல்லிற்று. 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையும் அதே 6-ஐத்தான் எழுதி வைத்தது. 54 ஆண்டுகளாக ஏட்டுச் சுரைக்காய்!

நாம் கேட்பது பிச்சையல்ல. நம் உழைப்பில் விளைந்த பணம்.

மானியத்தை முழுதாகக் கொடு! கல்விக்கு வரி போடாதே! கட்டணத்தை ஏற்றாதே!