சம்பளத்தில் பிடித்த வரிக்கு மறுபடியும் நோட்டீஸா? சட்டம் சொல்வது என்ன?

மாதாமாதம் சம்பளத்தில் டிடிஎஸ் பிடித்தாச்சு. ஆனால் கம்பெனி அதை அரசுக்குக் கட்டவில்லை. நோட்டீஸ் யாருக்கு வரும்? பெரும்பாலும் ஊழியருக்குத்தான்.

ரிட்டர்ன் தாக்கலானதும், வருமான வரித் துறையின் பெங்களூரு மையத்தில் உள்ள கணினி அதை 26ஏஎஸ் படிவத்தோடு ஒப்பிடும். கம்பெனி கட்டாத வரி அதில் இருக்காது. உடனே, ‘இவ்வளவு பாக்கி’ என்று ஊழியருக்குத் தகவல் போய்விடும். அடுத்த ஆண்டு ரீஃபண்டிலும் கைவைப்பார்கள்.

சட்டம் சொல்வதோ வேறு. 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205-வது பிரிவுப்படி, ஏற்கெனவே பிடித்த வரியை ஊழியரிடம் மறுபடி கேட்கக் கூடாது. இப்படிப்பட்ட பாக்கியைக் கட்டாயப்படுத்தி வசூலிக்க வேண்டாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2015-லும் 2016-லும் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது. ஆனால், பாக்கி கணக்கில் அப்படியே நின்றது. ரீஃபண்டில் கழிப்பதும் தொடர்ந்தது. அதுவும் செல்லாது என்று 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது.

நோட்டீஸ் வந்தால் பயந்துபோய்ப் பணம் கட்டிவிட வேண்டாம். வருமான வரி போர்ட்டலில், பாக்கியை ஏற்கவில்லை என்று பதிவு செய்து, பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட் இரண்டையும் இணைக்கலாம். வரி பிடிக்கப்பட்டதை நிரூபிக்கும் வேலை ஊழியர் தலையில்தான் விழுகிறது. வேலை மாறினாலும் பழைய பே ஸ்லிப்பைத் தூக்கிப் போடாதீர்கள்.